ஒரு வேன் ரத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். ஆம்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது என் தம்பியின் முகம். எட்டடி உயரம், ஆறடி அகலம். டீக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இரண்டு சவுக்குக் கம்புகளில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் இருந்து அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதில் மீசை ஒரு பக்கம் மட்டும் மேலேறி இருக்கும். படத்தைச் சுற்றி ரோஜா மாலை. கீழே இரண்டு மூலைகளிலும் எரிகிற குத்துவிளக்கு. மேலே இரண்டு வெள்ளைப் புறாக்கள் வானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

தம்பி சாகவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில், ரத்தப் புற்றுநோய் வார்டில், முந்தின இரவு வரைக்கும் இட்லியில் உப்பு இல்லை என்று மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

கிட்டே போய்ப் படித்தேன். நண்பன் விரைவில் நலம் பெற மாபெரும் ரத்ததான முகாம் என்று போட்டிருந்தது. கீழே, லாஸ்டிங் பிரிவு நண்பர்கள். இருபத்தாறு வருடம் பத்திரிகையில் பிழை திருத்திப் பக்கம் கட்டியவள் நான். மாலையும் விளக்கும் புறாவும் எந்த டிசைனைச் சேர்ந்தவை என்று எனக்குத் தெரியும். கண்ணீர் அஞ்சலி டிசைன். பிரிண்ட் கடைக்காரர் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

டீக்கடைக்காரர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சொந்தமாம்மா? எப்ப எடுக்கறாங்க?"

உயிரோடு இருக்கிறான் என்றேன். அவர் ஃப்ளெக்ஸை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், உள்ளே போய்விட்டார். அவர் நம்பவில்லை.

தம்பியின் வீடு பூட்டிக் கிடந்தது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, பெருக்கி, அவன் மனைவி கேட்ட இரண்டு நைட்டியையும் சின்ன ரைஸ் குக்கரையும் எடுத்துவரத்தான் நான் போனேன். தொட்டி நிறைவதற்குள் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். பேர்ணாம்பட்டில் இருக்கும் சித்தி அழுதுகொண்டே பேசினார். விஷயத்தைச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அழுதார். குடியாத்தத்துச் சித்தப்பா மாலைக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்றார்.

அதற்குப் பிறகுதான் தம்பியின் நண்பனை அழைத்தேன். ஷூ கம்பெனியில் லாஸ்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அதாவது, தைத்து வந்த தோலை அச்சில் இழுத்து ஷூவாக வடிவம் கொடுக்கிற மெஷின். தம்பி அங்கே தரம் பார்க்கிற செக்கர். இருவரும் பன்னிரண்டு வருடமாக ஒரே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிறவர்கள். கல்யாணத்துக்கு முன் நண்பன் ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தில் நகரப் பொறுப்பில் இருந்தான். ஃப்ளெக்ஸ், வேன், ஜூஸ் பாக்கெட் என்றால் அவனுக்குக் கை தானாக ஓடும்.

"அக்கா, பாத்தீங்களா? நல்லா வந்துருக்குல்ல?"

"விளக்கு எதுக்குப்பா?"

"அது ஒரு லுக்குக்கா."

"புறா?"

"சமாதானத்துக்கு."

கழற்றச் சொன்னேன். சாயந்திரம் வந்து கழற்றிவிடுகிறேன், இப்போது முடியாது, வேன் மாதனூர் தாண்டிவிட்டது என்றான். எந்த வேன் என்று கேட்டேன். லாஸ்டிங்கில் இருந்தும் ஸ்டிச்சிங்கில் இருந்தும் ஒரு வேன் நிறைய ஆட்கள் தம்பிக்கு ரத்தம் கொடுக்க வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஆம்பூரில் குக்கரோடு நின்றுகொண்டிருந்தேன்.

இது ஏன் தலையில் இடி விழுந்த மாதிரி என்று சொல்ல வேண்டும்.

தம்பிக்குக் கீமோ கொடுத்து முடித்திருந்தார்கள். அந்த மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் அழித்துவிடும். அடுத்த சில வாரம் ரத்தம் உறைய உதவும் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். பத்திரிகையில் அதை ரத்தத் தட்டணு என்று எழுதுவோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வார்த்தையை ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பிளேட்லெட்தான். அது ரொம்பக் குறைந்தால் ஈறில் கசியும், மூக்கில் கசியும், தலைக்குள்ளும் கசியலாம். அப்போது வேறொருவரின் பிளேட்லெட்டை ஏற்ற வேண்டும். எடுத்தால் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, சேர்த்து வைக்க முடியாது. ஆகவே தேவைப்படும் நாளில் ஆள் வேண்டும். சாதாரணமாக ரத்தம் கொடுத்த ஒருவரால் அடுத்த சில வாரத்துக்குப் பிளேட்லெட் கொடுக்க முடியாது. விஷயம் இவ்வளவுதான்.

இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது டாக்டர்கள் மட்டும் அல்ல. இந்த நோய் வந்த வீட்டுக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. தம்பி மனைவி என்னையும் அதில் சேர்த்துவிட்டாள். காலையில் ரோஜாப்பூ, மதியம் பப்பாளி இலைச் சாறு, மாலையில் முள்சீத்தாப்பழம் சாப்பிட்டுக் குணமான யாரோ ஒருவரின் கதை. "கவலைப்படாதீங்க" என்று ஒருவர் எழுதினால் கீழே இருபது பேர் கைகூப்புவார்கள். நடுநடுவே உண்மையிலேயே உபயோகமானது வரும்: எந்த லாட்ஜில் சமைக்க விடுகிறார்கள், வாய்ப்புண்ணுக்கு என்ன கொடுத்தால் இறங்குகிறது, ரத்தம் எடுக்கும் இடத்தில் எந்த நர்ஸ் தங்கச்சிக்கு ஒரே குத்தில் நரம்பு கிடைக்கும். ஆனால் அதைத் தேடி எடுப்பதற்குள் என் பொறுமை போய்விடும்.

குரூப்பை நடத்துகிறவர் வாலாஜாபேட்டைக்காரர். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்கும் இதே வகை நோய், மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அவர் டைப் செய்ய மாட்டார், குரல் பதிவுதான். ஒவ்வொன்றும் இப்படித்தான் தொடங்கும்: "எல்லாருக்கும் வணக்கம். வாலாஜால இப்ப லேசா தூறுது. வேலூர்ல எப்பிடின்னு தெரியல." பிறகு வெயில், பிறகு அவர் மனைவி காலையில் என்ன சாப்பிட்டார், பிறகு பொறுமையின் அவசியம். கடைசி பத்து விநாடியில் விஷயம். செய்தியின் சாரத்தை முதல் வரியில் வை என்று ஆயுள் முழுக்க மற்றவர்களிடம் கத்தியவள் நான். அவரை வேகமாக ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். அப்போதும் நீளம்தான்.

அவரிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. யாருடைய ஆள் யாருக்கு என்று பார்க்கக் கூடாது. ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்த, பிளேட்லெட் கொடுக்கக்கூடிய ஆட்களை அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். அவர்களை அவர் "ஸ்டாண்டிங்" என்பார். ஆஸ்பத்திரியில் யாருக்காவது கேட்டால், நிற்கிறவர்களில் பொருந்துகிற ஒருவரை "எறக்குவார்". இன்று உன் ஆள் என் மகளுக்கு, நாளை என் ஆள் உன் தம்பிக்கு. முந்தின நாளே அந்த ஆளுக்குப் போன் செய்து தூங்கினாயா, சாப்பிட்டாயா, தலைவலி மாத்திரை ஏதாவது போட்டாயா என்று விசாரித்துவிடுவார். கம்பெனி ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தம்பி மனைவியை அழைத்துத் தனியாகச் சொல்லியும் இருந்தார்: "ஒரே ஸ்டாப்பிங்ல எல்லாரையும் எறக்கிடாதம்மா. அப்புறம் வண்டி காலியாத்தான் ஓடும்."

அவள் அதை நண்பனிடம் அப்படியே சொன்னாள். அவன் "சரிங்க அண்ணி" என்றான். சொல்லிவிட்டு வேன் பேசினான். அவனைக் கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. வார நாளில் லீவு போட்டால் சம்பளமும் போகும், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். கம்பெனிக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். ஆகவே அன்பும் ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்ப முடியும், மொத்தமாக.

நான் போன் மேல் போன் போட்டேன். வேனுக்குள் பாட்டுச் சத்தம், எடுக்கவில்லை. தம்பி மனைவிக்குச் சொன்னேன். ஆனால் அவள் வார்டில் இருந்தாள், தம்பியை விட்டு நகர முடியவில்லை. குக்கரைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டாவில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். இரண்டாவது டீயும் குடித்தார்.

ரத்த வங்கிக்குப் போனபோது கடைசி நான்கு பேர் படுத்திருந்தார்கள். மற்றவர்கள் வெளியே வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். முழங்கை மடிப்பில் எல்லோருக்கும் பஞ்சும் பிளாஸ்திரியும். ஸ்டிச்சிங்கில் இருந்து வந்த பெண்கள் மட்டும் தனியாக மரத்தடியில் கோபமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் ரத்தம் போதாது என்று திருப்பியிருந்தார்கள்.

"ஹீமோகுளோபின் பன்னெண்டரை வேணுமாம், எனக்குப் பதினொண்ணுதான் கீதாம்," என்றார் அவர்களில் மூத்தவர். "இத்தன வருஷமா அந்தப் பதினொண்ணுலதான் கம்பெனி டார்கெட்ட முடிச்சோம். அப்ப யாரும் கேக்கல."

என்னையும் முதல் வாரமே அதே காரணத்துக்காகக் கழித்துவிட்டிருந்தார்கள்.

நண்பன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவனே எடுத்தான், மற்றவர்களிடம் கொடுத்து அவனையும் எடுக்கச் சொன்னான். படுத்திருப்பவர் தலைமாட்டில் நின்று கட்டைவிரலைக் காட்டினான். ஜூஸ் பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தான். பிளேட்லெட் கொடுக்கத்தான் ஆள் வேண்டும் என்று சொன்னோமே, ஏன் எல்லோரையும் ரத்தம் கொடுக்க வைத்தாய் என்று கேட்டேன்.

"அக்கா, அதுக்கு ஒரு ஆளுக்கு ஒன்ற மணி நேரம் ஆவுமாம். வேன நாலு மணிக்கு வுட்டாவணும். இதுன்னா பத்து நிமிஷம். சட்டுனு முடிஞ்சிருச்சு."

"இவங்க யாரும் இன்னும் சில வாரத்துக்குப் பிளேட்லெட் கொடுக்க முடியாது. அது தெரியுமா உனக்கு?"

"அதெல்லாம் மனசு இருந்தா முடியும்கா."

இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை என்ன செய்வது? அடித்துத் திருத்த முடியாது. அவன் கண் கலங்கியிருந்தது. அவன் தன் நண்பனுக்காக ஊரையே திரட்டி வந்திருந்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தவளின் கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தை வைத்துவிட்டான். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மாலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு தம்பியைப் பார்க்கப் போனேன். ஃப்ளெக்ஸைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். அவன் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். விளக்கைப் பற்றியோ மாலையைப் பற்றியோ அவனுக்குக் கவலை இல்லை.

"எந்த போட்டோ போட்டான்?"

"ஐடி கார்டு போட்டோ."

"கல்யாண ஆல்பத்துல எவ்ளோ நல்ல போட்டோ கீது. அத கேட்டுருக்கலாம்ல," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் பார்த்தபடியே, "அவன் நின்னானா, வுழுந்தானா?" என்று கேட்டுத் தானாகச் சிரித்தான். காய்ச்சலில் ஏதோ சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை அவன் தலையணை உறையில் ரத்தம் இருந்தது. ஈறில் இருந்து கசிந்தது. பிளேட்லெட் அளவு பயப்படும்படி இறங்கியிருந்தது. சாயந்திரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும், வங்கியில் அந்த வகையில் கையிருப்பு ரொம்பக் கம்மி, ஆள் இருந்தால் காலையிலேயே கூட்டி வாருங்கள், பரிசோதனைக்கு நேரம் வேண்டும் என்றார்கள். டாக்டர் சொன்ன விதத்தில் பதற்றம் இல்லை. ஆனால் அவர் இரண்டு தடவை சொன்னார்.

நண்பனை அழைத்தேன்.

"எல்லாரும் குடுத்துட்டோமேக்கா. ஞாயித்துக்கெழம நீங்களே பாத்தீங்களே."

பிறகு என் பழைய உலகத்தை அழைத்தேன். ஒரு நிருபர் போன மாதம்தான் கையில் மகள் பெயரைப் பச்சை குத்திக்கொண்டிருந்தார், ஆகவே ஆகாது. ஒருவர் முதுகுவலிக்கு மாத்திரை போட்டிருந்தார். போட்டோகிராபர் மிகவும் வருத்தப்பட்டு, நேற்று ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்றார். இப்போது ஆசிரியர் குழுவில் பெரிய இடத்தில் இருக்கும் ஒருவர், நாளைக் காலைப் பதிப்பில் ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிடலாம், கவலைப்படாதே என்றார். நாளைக் காலை. என் அக்காள் மகன் ஒரு வேண்டுகோளை எழுதி எல்லா இடத்திலும் பரப்பினான். அதில் தேதி இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை. நான் திருத்தி அனுப்பினேன். திருத்தாததுதான் பரவியது. ஓசூரில் இருந்து ஒருவர் அழைத்து எந்த ஓசூர் ஆஸ்பத்திரி என்று கேட்டார். துபாயில் இருந்து ஒருவர் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார். பல மாதம் கழித்தும் அந்தச் செய்தியைப் பார்த்து யார் யாரோ அழைத்தார்கள், அவசரமா என்று.

இதற்குள் பதினொன்றாகிவிட்டது. தம்பி வாயைத் திறக்காமல் படுத்திருந்தான், திறந்தால் கசிகிறது. அவன் மனைவி என்னிடம் சொல்லாமல் கண்டக்டரை அழைத்திருந்தாள். குரூப்பில் அவர் குரல் பதிவு வந்தது. வராந்தாவில் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். வாலாஜாவில் வெயில் ஏறிவிட்டது. அவர் மனைவி இரண்டு தோசை சாப்பிட்டார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் வந்தது: "ஆம்பூர் வீட்டுக்கு இன்னிக்கு வாணியம்பாடி வீட்டு ஆள் எறங்கறாரு. ஒம்பது மணிக்கே ரத்த பேங்க்குக்குப் போய்ட்டாரு. டெஸ்ட் முடிஞ்சுது. யாரும் பேஜார் ஆவ வேணாம்."

ஒன்பது மணிக்கே. நான் ஓசூர்க்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

கீழே ஓடினேன். தோல் பதனிடும் கம்பெனியில் தோலைச் சுழற்றி ஊறவைக்கிற டிரம் ஓட்டுகிற ஒரு முப்பது வயதுக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கையில் இருந்து ரத்தம் மெஷினுக்குள் போய், பிளேட்லெட்டை விட்டுவிட்டுத் திரும்ப அவருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் அவருடைய அண்ணி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர் கணவருக்கு நோய் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. கொழுந்தனாரை அவர் கணவருக்காகத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு நாளாக நைட் ஷிஃப்ட் போகவிடாமல், நன்றாகச் சாப்பிடவைத்து.

நன்றி சொன்னேன். அந்த அம்மா கையை ஆட்டி ஒதுக்கினார்.

"உங்க ஃப்ளெக்ஸ பாத்தேன்கா. ஞாயித்துக்கெழம பஸ்ல வரும்போது. பக்குனு ஆயிடுச்சு. உடனே கண்டக்டருக்கு போன் போட்டு, ஏன் சொல்லவே இல்லன்னு சண்ட போட்டேன்."

"உங்க வீட்டுக்காரருக்கு எப்ப தேவைப்படும்?"

"நாளைக்கு. இல்லன்னா வெள்ளிக்கெழம."

"இவர் உடனே திரும்பவும் கொடுக்க முடியாதே."

"முடியாது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அப்ப நீங்க குடுப்பீங்க," என்றார், வெகு சாதாரணமாக. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஞாயிறன்றே கொடுத்துவிட்டார்கள் என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை. "ஒரு வேன் ஆளுங்கக்கா. ஒருத்தர்கூடவா மிச்சம் இல்ல?"

அன்று மாலை தம்பிக்குப் பிளேட்லெட் ஏறியது. வெளிர் மஞ்சளாக, நீர்த்த மோர் மாதிரி ஒரு பை. இரவுக்குள் ஈறில் கசிவு நின்றது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாணியம்பாடிக்காரருக்கு, அந்த அம்மாவின் கணவருக்கு, பிளேட்லெட் கேட்டுவிட்டார்கள். கண்டக்டரின் பதிவு அன்று வழக்கத்தைவிடச் சின்னது. தூறலும் வெயிலும் இல்லை. நிற்கிறவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ஊரில் இல்லை, மீதிப் பேர் பொருந்தவில்லை. "ஆம்பூர் வீட்டு முறை. பாத்துச் சொல்லுங்க." குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த அம்மா கேட்ட கேள்வி ராத்திரி முழுக்க என்னோடு இருந்தது. நண்பன் ஞாயிற்றுக்கிழமைப் படங்களைக் கம்பெனிக் குரூப்பில் கொட்டியிருந்தான், தம்பி மனைவி அதை எனக்குத் தள்ளியிருந்தாள். எரிச்சலில் திறந்தே பார்க்கவில்லை. இப்போது திறந்தேன். படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் பார்க்கிற மாதிரி, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு ஆளாக. முழங்கையில் பஞ்சு, பஞ்சு, பஞ்சு. திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு இல்லை, அது சரி. நண்பன் எல்லாப் படத்திலும் இருந்தான். அரைக்கைச் சட்டை. ஜூஸ் கொடுக்கிறான், கட்டைவிரல் காட்டுகிறான், வேன் ஏறும்போது இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறான். இரண்டு கையிலும் ஒன்றும் இல்லை. அவனுக்கும் தம்பி வகை ரத்தம்தான்.

போன் போட்டேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"உன் கையில பஞ்சு இல்ல," என்றேன்.

"ஏற்பாட்டுல நேரமே கெடைக்கலக்கா."

"இப்ப கெடைக்குதா?"

"இன்னிக்கு ஷிஃப்ட்டுல ஆள் கம்மி. சூப்பர்வைசர் வுட மாட்டாரு."

"சரி. ரெண்டாவது ஃப்ளெக்ஸுக்குச் சொல்லி வெச்சுடு. டிசைன்தான் ரெடியா இருக்குதே."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன். அவன் மெஷினை விட்டு நகர்ந்து எங்கோ போனான். சத்தம் குறைந்தது.

"ஊசின்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆவாதுக்கா. பாத்தாலே வுழுந்துருவேன். கம்பெனில யாருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும்."

நின்றானா, விழுந்தானா என்று தம்பி கேட்டது காய்ச்சலில் இல்லை.

"அவனுக்குத்தானேக்கா?" என்று கேட்டான்.

"இல்ல. வாணியம்பாடிக்காரர் ஒருத்தருக்கு."

"யாரு அவரு?"

"நேத்து உன் தோஸ்துக்குக் குடுத்தவரோட அண்ணன்."

"லாஸ்டிங்ல யாருக்கும் சொல்லிடாதீங்க," என்றான். பிறகு, "வர்றேன்."

பதினொன்றேகாலுக்கு வந்தான். கம்பெனி யூனிபார்ம், நெற்றியில் வியர்வை. பரிசோதனைக்குக் குத்தும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டான். ரத்த வங்கித் தங்கச்சி அவனுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கொஞ்சம் உட்காரட்டும், இறங்கினால்தான் எடுப்போம் என்றார். அவன் உட்கார்ந்தான். இறங்கவில்லை. வாணியம்பாடி அம்மா வெளியே பெஞ்சில் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் யாருக்கும் அழுத்தம் இறங்காது. எனக்கும்தான் இறங்கவில்லை.

அப்போதுதான் கண்டக்டரை முதல் தடவை நேரில் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், மடித்த சட்டைக்கை, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக நண்பனின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாலாஜால இன்னிக்கு நல்ல வெயில்," என்றார். "ஆம்பூர்ல எப்பிடி?"

அவன் பதில் சொன்னான். அவர் விடவில்லை. மழை எப்போது வரும் என்றார். அவர் மனைவி காலையில் பொங்கல் சாப்பிட்டதைச் சொன்னார். டவுன் பஸ்ஸில் கோழியோடு ஏறிய ஒருவரிடம் கோழிக்கும் டிக்கெட் கேட்ட கதையைச் சொன்னார். இரண்டாவது தடவை பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. ஊசி ஏறும்போது நண்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவர் வேலூரில் இருந்து வாலாஜா வரை ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார், சத்துவாச்சாரி, ரத்தினகிரி, மேல்விஷாரம், எந்த நிறுத்தத்தில் யார் சில்லறை இல்லாமல் ஏறுவார்கள் என்பது உட்பட. ஆற்காட்டில் நண்பன் கண்ணைத் திறந்தான். ராணிப்பேட்டையில் சிரித்தான். மெஷின் ஒன்றரை மணி நேரம் ஓடியது. அவர் அதற்கு மேலும் ஓடினார். ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்த பிறகும் நிறுத்தவில்லை. கடைசியில் நான்தான் எழுந்து வெளியே வந்தேன்.

பெஞ்சில் அந்த அம்மா எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

"கண்டக்டர் எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டேன்.

"நேர்ல கம்மி," என்றார்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு அந்தப் பை அவர் கணவருக்கு ஏறியது. குரூப்பில் கைகூப்பல்கள் வரிசையாக வந்தன. யாரோ பப்பாளி இலையும் அனுப்பினார்கள். நண்பன் முழங்கைப் பஞ்சோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டான். அதை யாருக்கும் அனுப்பவில்லை என்று சத்தியம் செய்தான். ஃப்ளெக்ஸ் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று கேட்டேன். போகிற வழியில் கழற்றிவிடுகிறேன் என்றான். பேர்ணாம்பட்டுச் சித்தி அன்றும் அழைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தம்பிக்கு மறுபடியும் பிளேட்லெட் கேட்டார்கள்.